அடிக்காத கை

டெம்யோங்குக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் புகழ், அவனுடைய தாய்மாமன் முதுகு கிழிந்ததால் கிடைத்தது. மணிலாவிலிருந்து தள்ளி, ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் சின்ன ஊரில் ஒவ்வொரு புனித வெள்ளியும் இயேசுவின் பாடுகள் நாடகம் நடக்கும். வாலிப வயதில் அவனுக்கு அதில் சவுக்கடிக்கிற ரோமானியச் சிப்பாய் வேஷம். தூணில் இயேசுவாக நின்றவர் மாமன் பெர்டோ. சமையலுக்குப் போடுகிற சிவப்பு விதைச் சாயத்தில் கயிற்றை நனைத்து, தூணில் 'பட்'டென்று அறைந்து, நுனியை மட்டும் முதுகில் படவிட வேண்டும். ரத்தம் மாதிரி ஒரு கோடு விழும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அன்று காலையில்தான் சேவல் சண்டைக் களத்தில் வைத்து மாமன் அவனை ஊரறியக் கன்னத்தில் அறைந்திருந்தார். டெம்யோங் கயிற்றைத் தூணில் அடிக்கவில்லை.

மாமன் அலறியபோது சோளக்கதிர் கடித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றுபோனது. மைதானத்தில் ஒரு சத்தமில்லை. பெண்கள் மண்டி போட்டார்கள். அந்த அமைதிதான் பயலைக் கெடுத்தது. நிஜமாக வலித்தால்தான் ஜனம் வாயை மூடும் என்று அன்றைக்கு மண்டையில் ஏற்றிக்கொண்டான். பிறகு இறக்கவே இல்லை.

திருவிழா நாடகங்கள் எழுதினான். எல்லாவற்றிலும் கத்தி. பிறகு மணிலாவுக்குப் போய், சினிமாவுக்குக் கதை எழுதி, உதவிக்கு நின்று, டைரக்டரும் ஆனான். அவன் எடுத்ததெல்லாம் அடிதடிப் படங்கள்தான். எழுதத் தெரியாதவன் என்று சொல்லிவிட முடியாது. ரவுடி சாகும்போது பேசுகிற வசனத்தை இவன் எழுதினால் ஜீப்னி வண்டி ஓட்டுபவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் படப்பிடிப்பில் அவன் ஒரு மிருகம். அறை என்றால் அறை. ஒரு வில்லனுக்கு இரண்டு பல் தெறித்து விழுந்தபோது, "ஒருத்தனும் மிதிச்சிடாதீங்கடா!" என்று கத்தி, பல்லை அப்படியே தரையில் விட்டு அடுத்த ஷாட்டைப் பல்லுக்கு வைத்தான். வில்லன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது அவனுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் கூத்துக்கெல்லாம் ஈடுகொடுத்தவன் ருடிங் ஒருவன்தான். அதே ஊர்க்காரன். மாடியிலிருந்து விழுவான், கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்வான், எழுந்து தூசியைத் தட்டிக்கொள்வான்.

"என்னடா, உயிரோட இருக்கியா?"

"இன்னைக்குக் கருவாடும் சோறும்னு சொன்னாங்க டைரக்டரே. தின்னுட்டுச் சாவுறேன்."

டெம்யோங் தன் ஒரே மகள் லிகாயாவின் ஞானஸ்நானத்தில் அவனையே ஞானத்தகப்பனாக வைத்தான். அதற்குப் பிறகு வேலையிடத்தில் 'டைரக்டரே', வெளியில் ஒருவருக்கொருவர் 'பாரே'. எங்கள் பக்கத்தில் பாரே என்றால் கூடப்பிறந்தவனுக்கு ஒரு படி மேல்.

அந்தப் பாரேயைத்தான் எரித்தான். ஒரு படத்துக்காகத் தீப்பிடித்த குடிசையிலிருந்து ருடிங் முதுகில் நெருப்போடு ஓடிவந்து மணலில் விழ வேண்டும். நனைத்த சாக்குகளோடு ஆட்கள் நின்றார்கள். காற்று திரும்பியது. நெருப்பு முகத்துக்கு வந்தது. ருடிங் வலது கையைத் தூக்கி ஆட்டினான். போதும், நிறுத்து என்று அர்த்தம், முன்பே பேசிவைத்தது. கேமராமேன் திரும்பி டைரக்டரைப் பார்த்தான். டெம்யோங் 'கட்' சொல்லவில்லை. "கிட்டப் போ," என்றான்.

ருடிங்குக்கு இடது கண் போனது. காதும் கன்னமும் மெழுகாய் உருகி ஒட்டிக்கொண்டன. ஆஸ்பத்திரியில் டெம்யோங் அவன் காலைப் பிடித்து அழுதான். "புகையில உன் கை தெரியலடா பாரே. சத்தியமா தெரியல." அழுகை நிஜம், சத்தியம் பொய். ருடிங் நம்பினான். படம் ஓட்டமாய் ஓடியது. அந்தக் காட்சியில் ஜனம் மூச்சுவிடவில்லையாம்.

எல்லாக் காலமும் ஒன்றுபோல் இருக்குமா? ஜனத்துக்கு அடிதடி சலித்துக் காதல் பிடித்துவிட்டது. டெம்யோங் நரைத்த தலையோடு ஊர் திரும்பி, பாடுகள் நாடகத்தைப் புதிதாக எழுதி நடத்தினான். சவுக்கடிக் காட்சிக்கு ஒரே ஒரு சிப்பாய் போதும் என்று மாற்றினான். அந்தச் சிப்பாய் வேஷம் வருஷாவருஷம் ருடிங்குக்கு. வெந்த பாதி முகத்துக்கு ஒப்பனையே வேண்டாம்.

அந்த வருஷம் தவக்காலத்தில் லிகாயாவுக்குப் பிரசவம். பிள்ளை பிழைத்தது, தாய்க்குக் காய்ச்சல் ரத்தத்தில் ஏறிவிட்டது. டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஜெபம் பண்ணுங்க," என்றார். டெம்யோங் கோயிலில் மண்டியிட்டு நேர்ந்துகொண்டான். 'நானே தூணில் நிற்கிறேன். விழுகிற அடி ஒவ்வொன்றும் நிஜமாக விழும். என் மகளை விட்டுவிடு.'

நேர்ந்துகொண்டவனுக்கு வேஷம் இல்லை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல முடியாது. வாழைப்பழம் பொரிக்கிற டினாய்தான் கேலி செய்தாள். "இந்தத் தொந்தியோட இயேசுவா? கடைசி விருந்துல அப்போஸ்தலர்களுக்கு மிச்சம் வெக்கல போல!"

டெம்யோங் ருடிங்கிடம் போனான். "இந்தத் தடவை சாயமெல்லாம் வேணாம். முடிச்சுப் போட்ட கயிறு. நிஜ அடி. புரியுதா?"

ருடிங் கயிற்றை வாங்கிச் சுருட்டி வைத்தான். எதையும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது டெம்யோங்கின் வழக்கம்.

புனித வெள்ளி மதியம். நேர்ந்துகொண்டு பிளேடால் முதுகைக் கீறிக்கொண்டவர்கள் தெருவில் ரத்தம் சொட்ட ஊர்வலம் போய்விட்டார்கள். மேடையில் டெம்யோங் கைகள் தூணோடு கட்டப்பட்டு நின்றான். பேண்டு முழங்கியது. ருடிங் கயிற்றை ஓங்கினான்.

பட்! தூணில் விழுந்தது. முதுகில் ஈரமாய் ஒரு கோடு மட்டும். சாயம். இரண்டாவதும் அப்படியே.

"டேய், என்னடா பண்றே? அடிடா!" பேண்டுச் சத்தத்துக்குள் டெம்யோங் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"முடியாது பாரே."

"எம்பொண்ணுக்காகடா!"

"நானும் அவளுக்காகத்தான் நேர்ந்திருக்கேன். சாவுற வரைக்கும் இந்தக் கையால ஒருத்தன் மேலயும் நிஜ அடி விழாதுன்னு. எங்கிட்ட குடுக்க வேற என்ன இருக்கு?"

பட்! மறுபடி தூண். கீழே டினாய் மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள். "டேய் ஒத்தக்கண்ணா! உன்னையும் ஒருத்திதானடா பெத்தா!" கூட்டம் முழுவதும் அழுதது. ஒரு அடி விழாமலே ஜனம் மண்டி போட்டிருந்தது. டெம்யோங் அதைப் பார்த்தான். அப்படியானால் மாமன் முதுகு, அந்தப் பற்கள், ருடிங்கின் கண், எதுவுமே தேவைப்பட்டிருக்கவில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், நேர்த்திக்கடன் பாக்கி நிற்கிறது. தன் நேர்த்திதான் பெரிது என்று அவனுக்குப் பட்டது. எப்போதும் அவனுக்கு அப்படித்தான் படும். மனிதனை எங்கே தொட்டால் வெடிப்பான் என்று தெரிந்த எழுத்தாளன் அல்லவா?

"ருடிங். அன்னைக்கு உன் கை எனக்குத் தெரிஞ்சுது."

கயிறு அந்தரத்தில் நின்றது.

"நல்லாத் தெரிஞ்சுது. நீ ஆட்டினே. நான் கேமராவைக் கிட்டப் போகச் சொன்னேன்."

ருடிங்கின் ஒற்றைக் கண் ஒரு கணம் ஒன்றும் புரியாமல் பார்த்தது. பிறகு புரிந்தது. தொண்டையிலிருந்து மனிதச் சத்தமே அல்லாத ஒன்று வந்தது. அடுத்த அடி தூணில் விழவில்லை. டெம்யோங்கின் தோல் பிளந்தது. அடுத்தது அதே புண்ணின் மேலேயே விழுந்தது. கயிறு பிய்ந்ததும் அதன் மரக்கைப்பிடியால் அடித்தான். விலா எலும்பு முறிந்த சத்தம் முன்வரிசைக்குக் கேட்டது. பேண்டு நின்றுவிட்டது. பிலாத்து வேஷக்காரன் ஓடிவந்து தடுத்தான். அவன் மூக்கும் உடைந்தது. கடைசியில் யூதாசும் பேதுருவும் சேர்ந்துதான் ருடிங்கைக் கீழே தள்ளி அமுக்கினார்கள்.

டெம்யோங் ரத்தத்தில் தொங்கிக்கொண்டு, "நன்றி ஆண்டவரே, நன்றி," என்று முனகினான். பக்கத்தில் தரையில் கிடந்த ருடிங் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் நேர்த்தியையும் எரிச்சிட்டியே, பாரே," என்றான்.

லிகாயா பிழைத்தாள். யார் நேர்த்தி பலித்தது என்று எனக்குத் தெரியாது. டாக்டர் ஊசிமருந்து என்கிறார். ஊரோ இதுபோல ஒரு நாடகம் நடந்ததே இல்லை என்று இன்றும் சிலாகிக்கிறது. கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. டெம்யோங் பிறகு ஒரு வரி எழுதவில்லை.

வீடு திரும்பியதும் லிகாயா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதலில் ருடிங் வீட்டுக்குத்தான் போனாள். டெம்யோங்கும் விலாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் வாசலில் நின்றான். அவள் குனிந்து, பெரியவர்களின் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்ளும் வழக்கப்படி கையை நீட்டினாள்.

"ஆசீர்வாதம் பண்ணுங்க, நினோங்," என்றாள் ஞானத்தகப்பனிடம்.

ருடிங் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "இந்தக் கை வேணாம்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அவள் நீட்டிய கையோடு திரும்பினாள். "அப்பா, எனக்கு ஏன் கை குடுக்க மாட்டேங்கிறாரு?"

"அதை நான் எடுத்துக்கிட்டேன்மா," என்றான் டெம்யோங்.