ஏரிக்கரைக்குப் புறப்பட்ட லாரி

யுத்தம் முடிந்த கையோடு பட்டாளத்து லாரிகளை ஏலம் விட்டார்கள். மயிலாப்பூரில் எங்கள் எதிர்வீட்டு வக்கீலும் ஒன்று எடுத்தார். கட்டில், கும்மட்டி அடுப்பு, வெற்றிலைப் பெட்டி எல்லாம் ஏற்றி அதை வீடாக்கினார். ஞாயிறுதோறும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் முகாம் என்று தெருவுக்கே அறிவித்தார். குடுமியின் மேல் துரைமார் தொப்பி வேறு.

ஏரி மேற்கே இருந்தது. ஞாயிறன்று மேற்கே சூலம், அந்தத் திசையில் பிரயாணம் ஆகாது. சட்டம் படித்தவர் இதற்கா அசருவார்? முதல் நாளே நல்ல வேளையில் கிளம்பி, இன்னொருவர் வாசலில் தங்கிவிட்டுப் போனால் தோஷமில்லை. அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் லாரி தெருவைக் கடந்து என் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். ஞாயிறு காலை புறப்படும் சமயம் பார்த்து யாராவது தும்மிவிடுவார்கள். முகாம் அங்கேயே. வக்கீலாத்து மாமி தெருவைத் தாண்டி சாம்பார் கொண்டுவந்து கொடுப்பாள்.

"ஒரு வருசமா இதே கதைதான் சாமி. டயர்ல எறும்பு புத்து வச்சிகினு கீது" என்றான் டிரைவர்.

பொறுக்காமல் ஒருநாள் கேட்டேன்: "அடுத்த வாரமாவது ஏரிக்குப் போவேளா?"

கான்வாஸ் நாற்காலியில் சாய்ந்திருந்தவர் எதிரே கை காட்டினார். "ஏரி எங்கே ஓடிப்போறது? நம்மாத்தைப் பாரும் ஓய், இங்கேருந்து என்ன லட்சணமா இருக்கு! இத்தனை வருஷமா உள்ளேயே உக்காந்துண்டு தெரியாமப் போச்சு."

அன்று மாலை நானும் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, என் வீட்டை ஆசையோடு பார்த்தேன். லாரி மறைத்தது.