மூன்றாவது கோடு

அன்றைக்கு அந்தச் சுவரடியில் இருந்தது ஐந்து பேர். நைனா, திருப்பதியிலிருந்து வந்திருந்த இறால் குட்டை முதலாளி, மேஸ்திரி, பக்கத்து வீட்டு மாமா, நான். அம்மா இல்லை, தம்பியோடு நகரியில் தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும், உண்மை தெரிந்தவள் அந்த ஐந்து பேரில் நான் ஒருத்திதான்.

கரையோரமெல்லாம் இறால் குட்டை வெட்டிய காலம் அது. கூலி கூடுதல் என்று நைனா தறியை விட்டுவிட்டுப் பழவேற்காடு ஏரிக்கரைக்கு வந்தார். சோறாக்க என்னையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கூட்டிவந்தார். ஒன்பது வயது. அவர் இருட்டோடு குட்டைக்குப் போய் இருட்டியபின் வருவார். நாள் முழுக்க எனக்குப் பேச்சுத்துணை, கண் மங்கி, கடலுக்குப் போவதை விட்டுவிட்ட அந்த மாமாதான்.

அவர் வீட்டின் ஏரிப்பக்கத்துச் சுவரில் மூன்று கோடுகள் கீறியிருக்கும். புயலில் கடல் ஏரிக்குள் தள்ளும்போது தண்ணீர் எதுவரை ஏறியதோ, அங்கே ஒரு கோடு. அவர் தாத்தா கீறியது என் முட்டிக்கு. அவர் அப்பா கீறியது இடுப்புக்கு. அவரே கீறியது என் தலைக்கு மேல் ஒரு சாண்.

"ஒன்னுக்கு மேல ஒன்னு ஏறிக்கினே போவுது பாத்தியா? நீ வளர்ற மாதிரி கடலும் வளருது" என்று சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வராது. தினமும் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்று பார்ப்பேன். நான் வளர்வதற்குள் அது வந்துவிட்டால்? நைனா குட்டையில் இருக்கும்போது வந்துவிட்டால்?

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சொல்லி மாமா சுண்ணாம்பு மட்டையை என்னிடம் கொடுத்தார். "கோட்டு மேல மட்டும் பூசாத கண்ணு." கீழே இருந்த இரண்டையும் விட்டுவிட்டேன். மேல்கோட்டில் மட்டும் சுண்ணாம்பைக் குழைத்து அப்பி, அதன்மேல் மூன்று பூச்சு பூசினேன். ரொம்ப நாளைக்கப்புறம் அன்றுதான் பயமில்லாமல் தூங்கினேன்.

மாசி மாதம் குட்டைக்குக் கரை உயர்த்த ஆள் வந்தது. "எவ்ளோ ஒசரம் போடணும்? மண்ணு லோடு என்னா வெல விக்குது தெரியுமா?" என்றார் முதலாளி.

மாமா பின்னிக்கொண்டிருந்த வலையிலிருந்து தலை தூக்கவில்லை. "மேல்கோட்டுக்கு ஒரு முழம் சேத்துப் போடுங்க. கொறஞ்சா கடலுக்கு எறா விருந்துதான்."

நான் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். மேஸ்திரி தண்ணீர் நிரப்பிய ட்யூபோடு மட்டம் பிடிக்க வந்தார். "நவுரு பாப்பா." நகர்ந்தேன். இடுப்பளவுக் கோட்டில் ட்யூபை வைத்தார்.

"இவ்ளோதானாண்ணே?" என்று நைனா மாமாவைக் கேட்டார்.

"மேல்கோடுதானே? அப்ப அவ்ளோதான்."

முதலாளிக்கு மண் மிச்சம், முகமெல்லாம் சந்தோஷம். வாயைத் திறந்தால் அந்தக் கோடு திரும்பி வந்துவிடும் என்று எனக்குப் பயம். திறக்கவில்லை.

ஐப்பசியில் புயல் வந்தது. எல்லாரையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினார்கள். தண்ணீர் வடிந்து நாங்கள் இறங்கியபோது குட்டையில் ஒரு இறால் இல்லை. முதலாளி நைனாவை அங்கேயே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்.

நான் மாமா வீட்டருகே நின்றிருந்தேன். அவர் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊறிய சுண்ணாம்பு பெயர்ந்து விழ, விரல் ஓரிடத்தில் நின்றது. மெல்ல என் பக்கம் திரும்பினார். அதற்குள் நைனா கத்திக்கொண்டே வந்துவிட்டார். மாமா அந்த இடத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"கண்ணு தெரியாதவன் பேச்சக் கேட்டு என் பொழப்பு போச்சு!"

"ஆமாம்பா. எனக்குத்தான் தப்பிப்போச்சு."

மறுநாளே நகரிக்குத் திரும்பினோம். நான் பள்ளிக்கூடம் போகவில்லை, அம்மா பக்கத்தில் தறியில் நின்றேன். நைனா சாகும்வரை அந்த மாமாவைத் திட்டினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சின்னப் புயலுக்கே இப்போதெல்லாம் மூன்றாவது கோடு நனைகிறதாம், அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்கிறார்கள். ரேடியோவில் புயல் என்றாலே தறியை நிறுத்திவிடுவேன்.

அன்றைக்கு நான் நினைத்ததெல்லாம் இவ்வளவுதான்: வயசானவர், நிற்க முடியவில்லை, சுவரில் சாய்கிறார்.