மூன்று புள்ளி ஆறும் மூன்று புள்ளி ஆறும்

1. சந்தனம் வைத்த பெட்டிகள்

நான் விற்ற மூன்று கம்ப்யூட்டர்களும் மறுநாளே சந்தனம் குங்குமத்தோடு திரும்பி வந்தன. பம்பாய் சயானில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையின் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. அதிலிருந்து செல்லத்துரை அண்ணாச்சி இறங்கினார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் பெட்டிகளை இறக்கி, என் மேஜைக்கு முன்னால் வரிசையாக அடுக்கினார்கள். பூஜை போட்டுவிட்டுத்தான் அண்ணாச்சிக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

அண்ணாச்சி தாராவியில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்தார். திருநெல்வேலிக்காரர்கள் வீட்டுக் கல்யாணம் கோவண்டியில் நடந்தாலும் செம்பூரில் நடந்தாலும் கேமரா அவருடையதுதான். கம்ப்யூட்டரை அவர் தொட்டதே கிடையாது. எடிட்டிங் எல்லாம் அவர் வைத்திருந்த பையன்கள் பார்த்துக்கொள்வார்கள். அண்ணாச்சி பார்ப்பது பில்லை. வாங்கிய ஒவ்வொரு சாமானின் பில்லையும் லேமினேஷன் செய்து பத்திரமாக வைத்திருப்பார்.

அப்படி இரண்டு பில்லை எடுத்து என் மேஜையில் வைத்தார். ஒன்று மூன்று வருஷத்துக்கு முன்னால் வாங்கியது, மற்றது நேற்றையது.

"எம்மா எஸ்தரு, ரெண்டையும் நீயே வாசி. பழசுல என்ன போட்டிருக்கு? ஆறு கோர், மூணு புள்ளி ஆறு. புதுசுல? ஆறு கோர், மூணு புள்ளி ஆறு. அப்போ இது எதுல புதுசுன்னு கேக்கேன்."

முந்தின நாள் நான் அவரிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். இது அடுத்த தலைமுறை ப்ராசஸர் அண்ணாச்சி, வேகமாக இருக்கும் என்றேன். சொன்னது பொய்யில்லை. கோர் என்பது ப்ராசஸருக்குள் வேலை செய்கிற ஆள் மாதிரி, இரண்டிலும் ஆறு பேர். மூன்று புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸ் என்பது ப்ராசஸர் ஒரு வினாடியில் எத்தனை முறை துடிக்கிறது என்ற கணக்கு மட்டும்தான். ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அந்த நம்பர் சொல்லாது. புது மாடலில் துடிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே வேலை நடக்கும் விதத்தைத் திருத்தியிருந்தார்கள். இதையெல்லாம் நான் உட்கார்ந்து படித்திருந்தேன். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒரு நாற்காலி. அந்தக் கடையில் பதினோரு வருஷம் கேபிள் கவுண்டரில் நின்றுகொண்டே கேபிளும் மவுஸும் கீபோர்டு கவரும் விற்றவள் நான். டெக்னிகல் மேஜையின் நாற்காலி எனக்குக் கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சாய்மானமும் சக்கரமும் வைத்த நாற்காலி. எங்கள் கடையில் அதில் உட்கார்ந்த முதல் பொம்பளை நான்தான். முதலாளி ஒரு குஜராத்தி, நாங்கள் சேட் என்போம். சேட்டின் மருமகனுக்கு அந்த நாற்காலி மேல் ஒரு கண் இருந்தது. நான் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அவன் வந்து உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பான்.

சேட் குங்குமத்தைப் பார்த்ததும் சோர்ந்துபோனார். பொட்டு வைத்த மெஷினை இனி யார் தலையில் கட்டுவது?

"எஸ்தர் பென், ஷாம் தக் நிப்டாவோ," என்றார். பென் என்றால் சகோதரி, சாயங்காலத்துக்குள் முடித்துவிடு என்று அர்த்தம். முடிக்காவிட்டால் என்ன என்பதை வாயால் சொல்லவில்லை. கேபிள் கவுண்டரைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

2. பென்டிரைவ் பந்தயம்

பந்தயம் வைத்துவிடலாம் என்றேன். பழைய மாடலில் இருபது மெஷின்களை அசெம்பிள் செய்து சேட் ஷெல்பில் அடுக்கியிருந்தார். அதில் ஒன்றை இறக்கி, அண்ணாச்சியின் புது மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஒரே ரேம், ஒரே ஹார்ட் டிஸ்க். ப்ராசஸர் மட்டும்தான் வேறு. எனக்கு இருந்த தைரியத்தில், என்ன வேலை கொடுப்பது என்பதை நீங்களே சொல்லுங்கள் என்று அண்ணாச்சியிடம் விட்டேன்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து இரண்டு பென்டிரைவ்களை எடுத்தார். அவர் ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வீடியோவைக் கொடுக்கும்போது, தட்டில் வெற்றிலை பரப்பி, அதன் மேல் பென்டிரைவை வைத்து, பக்கத்தில் ஒரு லட்டோடு பெண் வீட்டார் கையில் கொடுப்பார். கம்ப்யூட்டர் செய்கிற வேலை என்று அவர் கண்ணால் பார்ப்பது அந்தப் பென்டிரைவில் படம் ஏறுவதை மட்டும்தான். ஆகவே அதைத்தான் சோதனையாக வைத்தார். ஒன்றில் இருந்த கல்யாணத்தை முதலில் இரண்டு மெஷினுக்கும் மாற்றிவிட்டு, அங்கிருந்து இரண்டு பென்டிரைவுக்கும் ஏற்ற வேண்டும். எது முந்துகிறது என்று பார்க்கலாம்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் கடையில் நின்ற வாடிக்கையாளர்கள் எல்லாரும் சுற்றி நின்றுவிட்டார்கள். எதிர்க்கடைக்காரர்கூட டீ கிளாஸோடு வந்துவிட்டார். இரண்டு ஸ்கிரீனிலும் பச்சைக் கோடு ஜோடி போட்டுக்கொண்டு நகர்ந்தது. கடைசியில் பழைய மெஷின் ஒரு மூச்சு முன்னாலேயே முடித்துவிட்டது.

எல்லாரும் சிரித்தார்கள். சேட்டின் மருமகன் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

பென்டிரைவுக்கு ஒரு வேகம்தான் உண்டு. அது வாங்கிக்கொள்கிற வேகத்தில்தான் படம் ஏறும். ப்ராசஸர் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். சயான் சிக்னலில் டிராபிக் நின்றுவிட்டால் டெம்போவும் ஒன்றுதான், பெரிய காரும் ஒன்றுதான். இதை நான் சொன்னேன். தோற்ற பிறகு சொல்கிற நியாயத்தை யார் கேட்கிறார்கள்? கூட்டம் கலைந்தது. அண்ணாச்சி மட்டும் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அதனால் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

3. முருகேசனும் அண்ணாச்சியும்

தயிர்சாதத்தில் பாதியை மூடியில் வைத்து அண்ணாச்சிக்கும் கொடுத்தேன். சண்டை சண்டையாக இருக்கட்டும், சாப்பாட்டு நேரத்தில் ஓர் ஆளை வெறும் வயிற்றோடு உட்கார வைக்கக் கூடாது. அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, பம்பாய்க்கு வந்த புதிதில் மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் சப்ளையராக இருந்த கதையை ஆரம்பித்தார். சோற்றைக் கண்டால் அவருக்கு அந்தக் கதை வந்துவிடும் என்பது தாராவியில் எல்லாருக்கும் தெரியும்.

"நானும் முருகேசன்னு ஒருத்தனும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தோம். நடைன்னு பாத்தா ரெண்டு பேருக்கும் ஒரே நடைதான். ஆனா அவன் இருபது பேருக்குப் போடுத நேரத்துல நான் முப்பது பேரக் கை கழுவ அனுப்பிருவேன்."

வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினேன். கடவுள் சில சமயம் தயிர்சாதம் வழியாகவும் உதவி செய்வார்.

"அது எப்படி அண்ணாச்சி? நடை ஒண்ணுன்னா வேகமும் ஒண்ணுதானே?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

அண்ணாச்சிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூடியைக் கீழே வைத்துவிட்டு விளக்க ஆரம்பித்தார். ஆள் வந்து உட்கார்ந்ததுமே, என்ன வேண்டும் என்று கேட்காமலேயே, முகத்தைப் பார்த்து ஊகித்துக் கொண்டுவந்து வைப்பது மெஸ்ஸில் வழக்கமாம். முருகேசனும் ஊகிப்பான், ஆனால் பாதி தப்பாகப் போகும். தப்பினால் வைத்ததை எடுத்துக்கொண்டு மறுபடி அடுக்களைக்கு ஓட வேண்டும். அண்ணாச்சியோ போன வாரம் இந்த ஆள் என்ன சாப்பிட்டான், யாரோடு வந்தான் என்பதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டு ஊகித்தார். அதனால் அவருக்குத் தப்புவது குறைவு.

இரண்டாவது, பாஷை. சாப்பிட வருபவர்கள் மராட்டியில் சொல்வார்கள், ஹிந்தியில் சொல்வார்கள். நாங்குநேரியிலிருந்து வந்த சமையல் மாஸ்டருக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் ஏறாது. ஒவ்வொரு ஆர்டரையும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். அடிக்கடி வரும் ஆர்டருக்குக் கை ஜாடை வைத்துக்கொண்டால் அந்த வேலை மிச்சம். முருகேசனுக்கு நாலைந்து ஜாடை தெரியும், அண்ணாச்சிக்கு நாற்பது.

"மூணாவது சாம்பார். அவன் சின்னக் கிண்ணத்துல கொண்டாருவான். அது தீர்ந்ததும் திரும்ப அடுக்களைக்குப் போவான். நான் பெரிய வாளியவே ஹாலுக்கு நடுவுல வச்சிருவேன். அப்பொறம் அடுக்களையில எனக்கு என்ன சோலி?"

நான் டிபன் பாக்ஸை மூடினேன். அவர் சொன்னதைத்தான் புது ப்ராசஸரில் செய்திருந்தார்கள். அடுத்து எந்த வேலை வரும் என்று ப்ராசஸரும் முன்கூட்டியே ஊகித்துச் செய்ய ஆரம்பிக்கும். ஊகம் தப்பினால் செய்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கும். அதற்குப் பிராஞ்ச் பிரடிக்டர் என்று பெயர். பழசிலும் அது உண்டு, புதுசில் தப்புவது குறைவு. நாம் கொடுக்கிற கட்டளையை ப்ராசஸர் தன் பாஷைக்கு மாற்றித்தான் செய்யும். ஒருமுறை மாற்றியதை வைத்துக்கொள்ள புதுசில் இடம் அதிகம். அடிக்கடி வேண்டியதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிற கேஷ் என்கிற சாம்பார் வாளியும் பெரிசு.

"அண்ணாச்சி, பழைய மெஷின் முருகேசன். புதுசு நீங்க," என்றேன்.

அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பில்லையும் எடுத்து மறுபடி பார்த்தார்.

"அப்போ இந்த மூணு புள்ளி ஆறுங்கது வெறும் நடை."

"நடை மட்டும்தான் அண்ணாச்சி."

"மூணு வருசமா முருகேசனயா வச்சு வேல வாங்கியிருக்கேன்," என்றார். அந்தக் குரலில் இருந்த வேதனையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

4. தாலி ஏறியது

இந்தத் தடவை சோதனையை நான் சொன்னேன். ரெண்டர் போடுவோம் என்றேன். துண்டு துண்டாக எடுத்த படத்தையும் பாட்டையும் மின்னுகிற ஜிகினாவையும் சேர்த்து ஒரே வீடியோவாகக் கம்ப்யூட்டர் சமைத்துத் தருவதற்குப் பெயர்தான் ரெண்டர். ப்ராசஸரின் முதுகு ஒடிகிற வேலை அது.

ஸ்டூடியோவுக்கு ஆள் அனுப்பி, செம்பூர்க் கல்யாணம் ஒன்றை வரவழைத்தார் அண்ணாச்சி. பம்பாய்க்குப் பக்கத்து லோனாவ்லாவைத் தாண்டாத மாப்பிள்ளையும் பெண்ணும் பனிமலை மேல் கைகோத்துப் பறக்கிற கல்யாணம். ஒரே நேரத்தில் இரண்டு மெஷினிலும் தட்டிவிட்டேன். கூட்டம் மறுபடி கூடிவிட்டது. சேட்டும் கல்லாவை விட்டு இறங்கி வந்தார்.

ரெண்டர் எதுவரை வந்திருக்கிறது என்பது ஸ்கிரீனில் சின்னப் படமாகத் தெரியும். மாப்பிள்ளை அழைப்பு வரை இரண்டும் ஏறக்குறைய சேர்ந்துதான் போயின. பிறகு புதுசு மெல்ல முந்தியது. பழசில் பெண் இன்னும் கண்ணாடி முன்னால் மேக்கப் போட்டுக்கொண்டிருந்தாள். புதுசில் அதே பெண் மணமேடையில் உட்கார்ந்திருந்தாள்.

"கெட்டிமேளம்," என்றார் அண்ணாச்சி, கல்யாண வீட்டில் சொல்கிற அதே பொறுப்பான குரலில். புதுசில் தாலி ஏறியது. எதிர்க்கடைக்காரர் கையைத் தட்டினார். பழசில் பெண்ணுக்கு அப்போதுதான் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். புதுசில் பந்தி முடிந்து பனிமலைக்குப் பறந்தபோது, பழசில் மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கியிருந்தார்.

"முருகேசன் அப்பவும் இப்படித்தான்," என்று சொல்லிவிட்டு, பெட்டிகளை டெம்போவில் ஏற்றச் சொன்னார் அண்ணாச்சி.

5. சேட்டின் இருபது

நான் ஜெயித்த சந்தோஷத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். சேட்டின் முகத்தைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டேன். வேடிக்கை பார்த்த வாடிக்கையாளர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் புது மாடல் வேண்டும் என்கிறார்கள். காலையில் பழைய மாடலைப் பார்த்து வைத்துவிட்டுப் போனவரும் மனசு மாறிவிட்டார். ஷெல்பில் இருபது முருகேசன்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

என் கடையில், என் சாமானையே, ஊரைக் கூட்டி வைத்துத் தோற்கடித்துவிட்டாயே என்று சேட் ஹிந்தியில் கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மருமகன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, அதன் சாய்மானத்தில் கையை வைத்தான்.

அந்த நேரத்தில் மாட்டுங்கா லேபர் கேம்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒருவர், தனக்கும் தாலி கட்டிய மெஷின்தான் வேண்டும் என்று என்னிடம் கேட்டார். எடுத்துத் தரத் தயாராக எழுந்தேன். எழுந்தவள் ஏனோ ஒரு கேள்வி கேட்டேன்.

"உங்களுக்கு என்ன வேலைக்கு?"

மனு டைப் அடிக்க வேண்டும், பிரிண்ட் எடுக்க வேண்டும், பிள்ளைகள் கொண்டுவரும் பென்டிரைவிலிருந்து காப்பி பண்ண வேண்டும் என்றார். அண்ணாச்சியின் பென்டிரைவ்கள் இரண்டும் மேஜையிலேயே கிடந்தன. புது மாடலில் இன்னொன்றை இறக்கி வைத்து, காலையில் என் மானத்தை வாங்கிய அதே பந்தயத்தை அவருக்காக மறுபடி ஓட்டிக் காட்டினேன். இரண்டும் ஒன்றாக முடிந்தன. உங்கள் வேலைக்குப் பழசே போதும், வீணாக அதிகப் பணம் கொடுக்காதீர்கள் என்றேன். அவர் பழசைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார். மருமகன் சாய்மானத்திலிருந்து கையை எடுத்தான்.

அப்படியே கேட்டுக் கேட்டே அந்த மாதத்துக்குள் இருபதும் போயின. இருபதாவதை வாங்கியவர் அண்ணாச்சி. ஸ்டூடியோ முகப்பில் பென்டிரைவ் ஏற்றுவதற்கு மட்டும் என்றார். அதற்கும் பொட்டு வைத்தார். பெயர் முருகேசன் என்று அவரே வைத்ததாகப் பையன்கள் சொன்னார்கள்.

இப்போது கடைகளில் உட்காரும் பிள்ளைகள் ஒவ்வொரு தலைமுறை ப்ராசஸரிலும் என்ன திருத்தினார்கள் என்று ஒப்பிப்பதைக் கேட்கிறேன். நல்லது, படியுங்கள். ஆனால் கேபிள் கவுண்டரில் நின்ற பதினோரு வருஷமும், எதில் சொருக என்று கேட்காமல் ஒருவருக்கும் நான் ஒரு கேபிள்கூடக் கொடுத்ததில்லை. கேட்காமல் கொடுத்தால் அது பொருந்தாது. நாற்காலி கிடைத்த முதல் மாதத்தில் அந்த ஒரு கேள்வியை மறந்துவிட்டேன். ஆளைப் பார்த்ததும் நானே ஊகித்துக்கொண்டேன். கேபிள் கவுண்டரைக் கேவலமாக நினைத்தேனே, அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அன்று சாயங்காலமே நாற்காலியைக் கேபிள் கவுண்டருக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போய்ப் போட்டேன். ரிட்டயராகும் வரை அங்கேதான் உட்கார்ந்தேன். சக்கரம் இருந்தது வசதியாகப் போயிற்று.