டயல் டோனோடு சேர்ந்த தந்தி

என் அக்கா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். காதில் ஹெட்ஃபோன், கையில் இணைப்பு வயர், எட்டு மணி நேர வேலை. வீட்டுக்கு வந்ததும் கல்லூரித் தோழி கொடுத்த பழைய கிட்டாரை மடியில் வைத்துக்கொள்வாள். பாடுகிறவர்களுக்குப் பின்னால் தட்டுகிற அளவுக்கு வாசிப்பாள், அவ்வளவுதான்.

அவளுக்கு முப்பத்தொரு வயதானபோது, அலுவலக இசைக்குழுவின் கிட்டார்க்காரருக்கு மாற்றல் வந்தது. ஆண்டு விழாவுக்கு ஆறு வாரம் இருந்தது. டிரம்ஸ் வாசித்த லைன்மேனை எல்லோரும் 'இடி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அக்காவிடம் வந்து, "நீங்க வாசிப்பீங்களாமே. முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று குழுவின் எலெக்ட்ரிக் கிட்டாரை உறையோடு மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

முதல் ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது. பாட்டின் நடுவே கிட்டார் மட்டும் தனியாக ஒலிக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு சுரத்தை மீட்டி, விரலை எடுக்காமலே தந்தியைத் தள்ளி மேல் சுரத்துக்கு ஏற்ற வேண்டும். ஏறிய இடத்தில் நிறுத்தி, மெல்ல அசைக்கவும் வேண்டும். அக்கா தள்ளினாள், பாதி வழிக்குமேல் ஏறவில்லை. அசைத்தாள், சுரம் வெடவெடவென்று நடுங்கியது.

பாடகர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு அதிகாரி. நாள் முழுக்க ஊரார் குறையைக் கேட்கிறவர் என்பதால் யாரையும் குறை சொல்ல அவருக்கு மனம் வராது. "நல்ல சோகமா இருக்கும்மா" என்றார். பிறகு தயங்கி, "ஆனா ஜலதோஷம் பிடிச்சவங்க அழுவுற மாதிரி இருக்கு" என்றார்.

இடி மட்டும் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் டிரம்ஸ்காரன்தான். ஆனா கம்பி இழுக்கறது என் பொழப்பு. ஒத்தை விரலத் தனியா அனுப்பாதீங்க. பின்னால ரெண்டு விரல் துணைக்குப் போகட்டும். அசைக்கறப்போ விரல ஆட்டாம மணிக்கட்டத் திருப்புங்க. பூட்டுல சாவி திருகற மாதிரி."

பலம் வந்துவிட்டது. ஆனால் எவ்வளவு தள்ளினால் போதும் என்பது பிடிபடவில்லை. ஒரு நாள் குறைந்தது, மறுநாள் கூடிப்போனது. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் கூடத்தில் கறுப்புத் தொலைபேசி ஒன்று இருந்தது. ரிசீவரை எடுத்தால் வருகிற அந்த 'ங்' என்ற ஓசை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. கிட்டார்க் கழுத்தில் அதே ஒலி வரும் கட்டத்தைக் கண்டுபிடித்து, அதற்கு இரண்டு கட்டம் கீழே விரலை வைத்து அங்கிருந்து தள்ளினாள். சுருதி சேராதவரை இரண்டு ஒலியும் மோதி அலை அலையாக வருமாம். சேர்ந்த நொடியில் அலை அடங்கிவிடுமாம். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, தினமும் சாயங்காலம் ஆறரை முதல் எட்டு வரை உட்கார்ந்தாள். நம்பர் சுழற்றாமலே வைத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் அந்த ஓசை அறுந்து வேறாகிவிடும். அப்போது ரிசீவர் வைக்கும் கொக்கியை ஒரு தட்டு தட்டி, மறுபடி ஆரம்பிப்பாள்.

"வீட்டுல ஒரு போனு, அதையும் நீ காதுல மாட்டிக்கிட்டா யாராவது செத்தாக்கூட நமக்குச் சேதி வராது" என்று அம்மா புலம்பினாள்.

அம்மாவாவது வாய்விட்டுப் புலம்பினாள். எனக்கு அதற்கும் வழியில்லை. என் ஆபீஸில் வரைபடம் போடுகிற வேலையில் இருந்து, வேறு கிளைக்குப் போயிருந்த ஒருவர் தினமும் ஏழு மணிக்கு எனக்குப் போன் செய்வார். தோழி என்று சொல்லிப் பேசுவேன், அது அவர் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அக்காவைப் போனை வைக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். நான் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒன்பதாவது நாள் வாசலில் மணி அடித்தது. அம்மா திறந்தாள். அவர்தான். திடுதிப்பென்று அம்மாவைப் பார்த்ததில், "போன் ரிப்பேரான்னு பார்க்க வந்தேன்" என்று உளறிவிட்டார்.

"நல்ல வேளை வந்தீங்க. உள்ள வந்து பாருங்க, ரிப்பேரு உக்காந்து வாசிச்சுக்கிட்டு இருக்கு" என்று அம்மா அவரை நேராக அக்காவிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ரிசீவரை வைத்துவிட்டு, "ஒன்பது நாளா எங்கேஜ்டா? மன்னிச்சுக்கங்க" என்றாள்.

"நீங்க டெலிபோன் ஆபீஸ் இல்லையா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லைங்கம்மா. உங்க சின்னப் பொண்ணு..." என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் கையிலிருந்த புத்தகத்தை நேராகத் திருப்பிப் பிடித்தேன். "சரி, நிக்காம உக்காருங்க. டீ போடறேன்" என்று சமையலறைக்குப் போனாள். அன்று அவர் எட்டரை வரைக்கும் இருந்தார். நான்கு மாதத்தில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. மாமியாரும் மாப்பிள்ளையும் கடைசிவரை அந்த 'ரிப்பேரை'ச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆண்டு விழாவில் நாங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தோம். அந்த இடம் வந்ததும் அக்கா தலையைத் தோள்பக்கம் சாய்த்தாள், அங்கே ரிசீவர் இருப்பதைப் போல. தந்தி ஏறியது, ஏறவேண்டிய இடத்தில் நின்றது. பிறகு மணிக்கட்டு மெல்லத் திரும்பியது. அந்த ஒலி அகலமாக, அவசரமே இல்லாமல் அசைந்தது. புகார்ப் பிரிவு அதிகாரி அதில் லயித்துப்போய், தான் பாடவேண்டிய அடியை மறந்துவிட்டார். இடி நிலைமையைப் புரிந்துகொண்டு கூடுதலாக ஒரு சுற்று அடித்துச் சமாளித்தார். "யாருடி அது, நம்ம பொண்ணா?" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் குழு பதினோரு வருடம் நீடித்தது. நிலையத்தில் தானியங்கி இயந்திரங்கள் வந்தபின் அக்காவை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கிருந்துதான் ஓய்வு பெற்றாள். இப்போது அவள் நான்காம் மாடியில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். மோதிர விரல் காலையில் மடங்க மறுக்கிறது. அதனால் மெல்லிய தந்தி போட்டிருக்கிறாள்.

போன மாதம் போயிருந்தபோது வாசித்துக் காட்டினாள். "அப்பல்லாம் சுரம் எங்க இறங்கிடுமோங்கற பயத்துல வேகமா ஆட்டுவேன். இப்ப பாரு" என்றாள். ஒரே ஒரு சுரம். ஜன்னலோரம் அவள் கை திரும்பித் திரும்பி வந்தது. ஐந்தரை மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டிய நான், பையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவை" என்றேன்.