நாய் என்றால் இல்லை

என் மகளுக்கு ஏழு வயதாகியும் பேச்சு சரியாக வரவில்லை. எங்கள் தாராவிக்கு அடுத்த சயான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். வகுப்பில் அவளுக்குத் துணையாக ஒரு டீச்சர் வேண்டும் என்று கேட்டோம். ஆஸ்பத்திரியில் சோதனை செய்து சர்டிபிகேட் கொண்டுவரச் சொன்னார் தலைமை ஆசிரியை. குறைபாடு லேசானது என்று வந்தால் டீச்சர் உண்டு. கடுமையானது என்றால் இங்கே வைத்துக்கொள்ள முடியாது, வாஷியில் தனிப்பள்ளி இருக்கிறது, அங்கே பாருங்கள் என்றார். ரயில் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடும் பிள்ளை அவள். தாராவியிலிருந்து தினமும் ரயிலில் எப்படி அவ்வளவு தூரம் வாஷிக்குக் கொண்டுபோவது?

பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாள், வீட்டில் ஒரே பாஷை பேசுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை குழம்பும் என்று முன்பே சொல்லியிருந்தார். வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். டிவியில் ஹிந்தி கார்ட்டூனை நிறுத்தினோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம், இவளோடு தமிழில் பேசுங்கள் என்று கெஞ்சினேன். அதுகளுக்கே தமிழ் பாதிதான் வரும். ஆனாலும் பலன் கிடைத்தது. பால், பூனை, நாய் என்று ஒவ்வொரு சொல்லாக வந்தது. 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று அவள் அப்பா சந்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சோதனை அறையில் என்னைப் பின்னால் உட்காரவைத்து, வாயைத் திறக்கக்கூடாது என்றார்கள். சோதித்தவள் சின்ன வயதுக்காரி, மராட்டிப் பெண். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். நாய்ப் படத்தைக் காட்டி, இது என்ன என்று ஹிந்தியில் கேட்டாள்.

"நாய்" என்றாள் என் மகள், அத்தனை தெளிவாக. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. அவர்கள் மராட்டிப் பேச்சில் 'நாய்' என்றால் இல்லை, மாட்டேன் என்று அர்த்தம். பிள்ளை அடம்பிடிக்கிறது என்று நினைத்துவிட்டாள். அடுத்து பால் டம்ளர். "பால்" என்றாள் மகள். ஹிந்தியில் அது முடி. அந்தப் பெண் தன் முடியைத் தொட்டுக் காட்டி, இது இல்லை கண்ணு என்று சிரித்தாள். மறுபடியும் நாய்ப் படத்தையே எடுத்தாள். தான் சொன்னது காதில் விழவில்லை போலிருக்கிறது என்று என் மகள் இன்னும் உரக்கச் சொன்னாள், "நாய், நாய்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "மேடம், வோ மனா நஹீ கர்தீ. தமிழ் மே குத்தா கோ நாய் போல்தே" என்று எழுந்துவிட்டேன். அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை, நீங்கள் குத்தா என்பதைத்தான் தமிழில் நாய் என்போம் என்று விளக்கப் பார்த்தேன். அம்மா சொல்லிக்கொடுத்தால் சோதனை செல்லாது என்று என்னை வெளியே அனுப்பினாள். கதவு சாத்தியதும் உள்ளே அழுகை. அழுகிற பிள்ளை என்னத்தைப் பதில் சொல்லும்?

கடுமையான குறைபாடு என்று எழுதிக் கொடுத்தார்கள். பெரிய டாக்டரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். பொறுமையாகத்தான் கேட்டார். தமிழ் தெரிந்தவர் இங்கே யாரும் இல்லை, அடுத்த வருஷம் மறுபடி சோதிக்கலாம் என்றார். சட்டத்தில் எல்லா உரிமையும் இருக்கிறதாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அதுவரை வீட்டிலேயே இருக்கட்டும் என்று பள்ளிக்கூடமும் சொல்லிவிட்டது.

அன்றைக்கே அவள் அப்பா படப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். "எம்மா, இது நாய் இல்ல. குத்தா. எங்க, குத்தான்னு சொல்லு பாப்போம்."

"நாய்" என்றாள்.

"இல்லம்மா, அது தப்பு. குத்தா."

அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தடுக்கவில்லை. அடுத்த வருஷமும் அதே படத்தைத்தானே காட்டப்போகிறார்கள். எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. தினமும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தோம்.

இப்போது அந்தப் படத்தைக் காட்டினால் அவள் நாய் என்பதும் இல்லை, குத்தா என்பதும் இல்லை. பால் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து அடுப்பருகே இழுத்துக்கொண்டு போகிறாள்.