செம்மொழி டிஸ்க்கைப் பிரித்த நாள்

செம்மொழி என்ற பேரை நான் முதலில் கேட்டது நடவு வயலில். எங்க அக்கா ரெங்கம்மாள் மகன் சாமிதுரை ஓடிவந்து, எனக்குப் பொண்ணு பொறந்திருக்கு, பேரு செம்மொழி என்றான். பிள்ளை கண்ணு முழிக்கறதுக்குள்ள பேரா என்று நாத்து முடியும் கையுமாகச் சிரித்தோம்.

அந்தப் பெண் பாலிடெக்னிக் முடித்து, வீட்டு முன்னறையில் பழைய கம்ப்யூட்டர் வைத்து ஊருக்கு மனு எழுதிக்கொடுத்தாள். போன வருஷம் பயிர் இன்சூரன்ஸுக்கு நாற்பது வீட்டுக் காகிதம் அதற்குள் இருந்தது, என்னுடையதும் சேர்த்து. கெடுவுக்கு மூன்றே நாள். கம்ப்யூட்டரோ ஒரு காகிதம் திறக்க அரை மணி நேரம் முக்கியது.

லினக்ஸ் என்று இலேசான வேறொரு சிஸ்டம் இருக்கு, அதைப் போட்டால் வேகமாக ஓடும் என்றாள். கைரேகை மிஷினுக்குப் பழைய சிஸ்டமும் வேணுமாம். அதனால் காகிதமெல்லாம் இருக்கிற டிஸ்க்கில் பழையதை ஒரு பக்கம் ஒதுக்கி, நடுவில் வரப்பு போட்டு, காலியான பக்கம் லினக்ஸைக் குடிவைக்கணும். காகிதங்களை முதலில் நகல் எடுக்கணும் என்று அவளுக்கும் தெரியும். இருந்த ஒரே பென் டிரைவில் லினக்ஸ் இருந்தது. அவசரத்தில் துணிந்துவிட்டாள்.

ஆனால் ஒன்றை மறந்தேவிட்டாள். ஆற்றில் தண்ணீர் வராத சமயம். ஒன்பது மணிக்கு மும்முனைக் கரண்ட் வந்ததும் ஊரில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மோட்டார் போடுவார்கள். டிரான்ஸ்பார்மரில் பீஸ் போகும்.

போயிற்று. திரையில் டிஸ்க் பிரிக்கிற வேலை அறுபத்தொன்று சதவீதம். யூ.பி.எஸ். பெட்டி கீச்சுகீச்சென்று கத்த ஆரம்பித்தது. பத்து நிமிஷம்தான் தாங்கும், பாதியில் நின்றால் இருக்கிற காகிதமும் போச்சு என்றாள்.

அவள் அழவில்லை. வாசலில் டிராக்டரோடு நின்ற தன் அத்தை மகன் வளவனிடம் பேட்டரியைக் கழற்றச் சொன்னாள்.

"ஒம் பொட்டிக்கு உசுரு குடுக்க என் வண்டி சாகணுமா?"

"வாயால கழட்டாத மாமா, ஸ்பேனரால கழட்டு. ரெண்டும் பன்னெண்டு வோல்ட்தான்."

யூ.பி.எஸ். மூடியைத் திறந்து, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று ஒயரைக் கவ்வவிட்டாள். கீச்சுச் சத்தம் நின்றது. எழுபது, எண்பத்தைந்து... தெருவே ஜன்னலில் நின்று எண்ணியது. நூறு வந்ததும் வளவன்தான் முதலில் விசில் அடித்தான்.

மத்தியானம் லினக்ஸ் ஏறியது. மறுநாளே நாற்பது காகிதமும் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தன.

இப்போது செம்மொழி மன்னார்குடி கடைத்தெருவில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள்.