ஆயுத பூஜையன்று வெள்ளச்சி காலி செய்த பொரி மூட்டை

போன வருஷம் ஆயுத பூஜை அன்று, பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவில் நடந்தது இது. மற்றவர்கள் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் மாலை போட்டால், நாங்கள் எங்கள் குதிரை வெள்ளச்சிக்குப் போடுவோம். என் வீட்டுக்காரர் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். அவள் நடந்தால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். அது ஒரு பக்கம் இருக்கட்டும், அவள் மேல் எனக்குக் கொஞ்சம் பைத்தியமே உண்டு.

பூஜை முடிந்து வடை சுட உள்ளே போனேன். வெளியே ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தால், தெருவுக்கே பங்கு போட வைத்திருந்த பொரி மூட்டைக்குள் வெள்ளச்சி தலையை விட்டிருக்கிறாள்! பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாம் போயே போச்சு. அதற்கு முன்னாலேயே வீட்டுக்கு வீடு சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் ஊட்டியிருக்கிறார்கள். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பார்களே, அந்த ரகம் இவள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. வீடியோ எடுத்து, பண்டிகை வாழ்த்தோடு, அவளுக்கு ஊசி போட வரும் கால்நடை டாக்டரம்மாவுக்கு அனுப்பிவிட்டேன்.

உடனே போன் வந்தது. பதில் வாழ்த்தெல்லாம் இல்லை.

"எவ்ளோம்மா தின்னுச்சு? முழு மூட்டையா?"

"ஆமா மேடம். ஆனா நல்லாத்தான் நிக்குது."

"இன்னிக்கு நல்லாத்தான் நிக்கும், நாளைக்கு நொண்டும். நல்லா நிக்கறப்பவே ஐஸ் வைக்கணும்மா. நாலு குளம்பும் ஜில்லுன்னு இருக்கணும். நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க."

அத்தனை மாவும் இனிப்பும் வயிற்றில் புளித்தால், அந்த விஷம் குளம்பைத் தாக்குமாம். உள்ளே இருக்கும் எலும்பே பிடி விட்டுக் கீழே இறங்கிவிடுமாம். அப்புறம் குதிரை எழுந்து நிற்பதே சந்தேகம் என்றார்.

பண்டிகை நாளில் ஐஸ் கடை எங்கே திறந்திருக்கும்? நடுத்தெருவில் நின்று கத்தினேன். "ஐஸ் வேணும்! ஐஸ் பேக்கு! குதிரைக்குக் கால் போயிடும்!" அவ்வளவுதான். தெருவில் ஒரு ஃபிரிட்ஜ் மிச்சமில்லை. பட்டுப்புடவையும் பூவுமாகப் பெண்கள் ஐஸ் டிரேயோடு ஓடி வந்தார்கள். மூலை பிரியாணிக் கடை பாய் ஒரு பெரிய பெட்டி ஐஸைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, "லேலோ அக்கா, எடுத்துக்கோ, எல்லாத்தையும் கொட்டு" என்றார். மாடி வீட்டுக் கன்னடக்காரம்மா உறைந்த பட்டாணிப் பாக்கெட்டை நீட்டி, "இது ஆகுமா?" என்றார். "ஆகும், கட்டுங்க!" என்றேன். கட்டக் குனிந்தால், வெள்ளச்சி அந்தப் பாக்கெட்டையே கவ்வப் பார்க்கிறாள். "இன்னுமா அடங்கல உன் பசி!" என்று மூக்கில் ஒன்று வைத்தேன்.

முன்னங்கால்களுக்கு ஐஸ் தண்ணீர் நிரப்பிய பெயிண்ட் பக்கெட், பின்னங்கால்களுக்கு ஐஸ் கட்டிய கோணி. முதல் பக்கெட்டை உதைத்துத் தெருவையே குளிப்பாட்டினாள். என் வீட்டுக்காரர் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சிக் கெஞ்சிய பிறகுதான் நின்றாள். யார் ஊட்டியது, யார் மூட்டையை அங்கே வைத்தது என்று ஒருவரும் சண்டைக்கு நிற்கவில்லை. அதற்கு நேரமும் இல்லை.

டாக்டரம்மா வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்து கொடுத்தார். "ஐஸை நிறுத்திடாதீங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தெருவே முறை போட்டு ஐஸ் மாற்றியது. நான் ஒவ்வொரு முறையும் குளம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன், சூடு ஏறிவிட்டதோ என்று. சூடு ஏறினால் விஷம் குளம்புக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தமாம்.

கடைசியில் டாக்டரம்மா ஒவ்வொரு குளம்பாக அழுத்திப் பார்த்துவிட்டு, "நடத்துங்க பார்க்கலாம்" என்றார். என் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்து மெல்ல இழுத்தார். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி. திருப்பத்தில்தான் வலி தெரியும் என்றார் டாக்டரம்மா. திரும்பினாள், நொண்டவே இல்லை! பாய் அடித்த விசிலுக்கு வெள்ளச்சியே மிரண்டுவிட்டாள். நான் அழுதேனா சிரித்தேனா, இன்றுவரை எனக்கே தெரியாது.

இப்போது அவளுக்குக் கொள்ளும் கிடையாது, வெல்லமும் கிடையாது, காய்ந்த புல்தான். குளம்புக்கு நல்லதென்று டாக்டரம்மா சொல்லி லாடத்தையும் கழற்றியாயிற்று. குளம்பின் ஓரம் வளர வளர ஆள் வந்து சீவிவிட்டுப் போகிறார். "லாடம் இல்லாத குதிரையா?" என்று முதலில் முறுக்கிக்கொண்ட என் வீட்டுக்காரர், இன்று மற்ற குதிரைக்காரர்களைப் பிடித்து வைத்துப் பாடம் எடுக்கிறார்.

கல்யாண வீட்டில் யாராவது ஆசையாக லட்டை நீட்டினால் நான் குறுக்கே போய் நிற்பேன். "ஒரே ஒரு லட்டுதானேம்மா" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும், என் வெள்ளச்சி நடக்கிறாளே, பிரியமாக நீளும் கையைத் தடுக்கவும் பிரியம் வேண்டும் என்று அவளால்தான் எனக்குப் புரிந்தது.